நேரலையில் மிளகாய் அண்ணன்

“உங்க வீட்டு வாசல்ல இப்படி ஒரு குழி இருந்தா மூடாம விடுவீங்களா சார்? சொல்லுங்க! ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு!”

மிளகாய் அண்ணன் மேசையில் ஓங்கி அடித்தார். எதிரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஊர் வானொலியில் தினமும் காலையில் வரும் ‘கேளுங்க, கேட்போம்’ நிகழ்ச்சியின் அறிவிப்பாளருக்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் மிளகாய் அண்ணன். குறை சொல்ல வருகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட அதிகாரியை நேரலையில் போனில் பிடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பார். கேட்கிற ஊருக்குக் கைகால் முறுக்கேறும்.

தையல்காரம்மாவின் தெருமுனையில் சாக்கடை மூடி உடைந்து மாதக்கணக்காகிவிட்டது. தண்ணீர் கேன் போடும் அவள் கணவன், கரண்ட் போன ஒரு சாயங்காலம் சைக்கிளோடு அதில் விழுந்து, இப்போது காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான். மாடிகூட இல்லாத அந்த நகராட்சிக் கட்டடத்துக்கு நடையாய் நடந்து அவள் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். வடிகால் பொறியாளரின் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. பொறுத்தது போதும் என்று தெருப்பெண்கள் எல்லோரும் சேர்ந்து, நாளைக் காலை நகராட்சி வாசலில் மறியல் என்று முடிவு செய்திருந்தார்கள்.

“கோச்சுக்காதீங்க சார்...” ஹெட்போனில் பொறியாளரின் குரல் நடுங்கியது. “கான்ட்ராக்டர் இழுத்தடிச்சிட்டாரு...”

“கான்ட்ராக்டர் கதையை உங்க வீட்டுல போய்ச் சொல்லுங்க! இவங்க வீட்டுக்காரர் கால் போச்சே, அதுக்கு என்ன பதில்?”

பொறியாளர் மூக்கை உறிஞ்சினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் கதவை மூடச் சொல்வது மெல்லக் கேட்டது. அங்கே கதவை மூடுவதற்கு மட்டும் உடனே ஆள் வந்துவிடுகிறது என்று தையல்காரம்மா பல்லைக் கடித்தாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

“ஏங்க, நான் மெஷினை மிதிப்பேனா, படுத்துக்கிடக்கிற மனுஷனைத் தூக்கி உக்கார வைப்பேனா? ஸ்கூல் புள்ளைங்க நடக்கிற வழிங்க அது! ஒரு குழியை மூடத் துப்பில்லாத உங்களுக்கு எதுக்குங்க நாற்காலி?”

“அம்மா, தாயே, மன்னிச்சிடுங்க. நாளைக்கே ஆளை அனுப்பி மூடிடறேன். நீங்க எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி...” குரல் உடைந்து, அழுகையே வந்துவிட்டது.

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார், ஊர் கேட்க இப்படிப் பேசிவிட்டோமே என்று மனசு இளகியது.

“கேட்டீங்களா மக்களே!” என்று கர்ஜித்தார் மிளகாய் அண்ணன். பிறகு அவள் பக்கம் மைக்கை நகர்த்தினார். “அம்மா, நாளைக்கு மறியல்னு சொன்னீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?”

“நம்ம தெரு அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் சொல்றேன். சார் வாக்கு குடுத்துட்டாரு. நாளைக்கு யாரும் போக வேணாம்.”

சிவப்பு விளக்கு அணைந்தது. வரியை உரிய காலத்தில் கட்டச் சொல்லும் நகராட்சி விளம்பரம் ஓடத் தொடங்கியது. மிளகாய் அண்ணன் வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பூ மாதிரி பேசினார்.

“நல்லாப் பேசினீங்கம்மா. இனிமே பாருங்க, வேலை தானா நடக்கும்.”

“நீங்க நல்லா இருக்கணும் அண்ணே” என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். கனமான கதவு அவளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. முதலில் கணவனிடம் சொல்ல வேண்டும், ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார், அழுதிருப்பார் என்று நினைத்தபடியே நடந்தாள்.

லிஃப்ட் என்றால் அவளுக்குப் பயம். வரும்போதும் படியேறித்தான் வந்தாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பியபோது, லிஃப்டின் கம்பிக்கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து பதிவு செய்த பெண்குரல் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

“தயவுசெய்து கதவை மூடவும். தயவுசெய்து கதவை மூடவும்.”

தையல்காரம்மாவின் கால்கள் அப்படியே நின்றன.

கம்பிக்கதவில் சாய்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு நடுவயதுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஹெட்போனில் கேட்ட அதே பொறியாளர் குரல். நடுக்கம் மட்டும் இல்லை.

“அண்ணே, அந்தம்மா கிளம்பிடுச்சா? அழுகை கொஞ்சம் ஓவராயிடுச்சோ? சரி விடுங்க, நாளைக்கு நான் தண்ணி ஆபீசரா, கரண்ட் ஆபீசரா?”

குழி குழியாகவே கிடக்கும். ஆனால் மறியலை மட்டும் அவள் வாயாலேயே நிறுத்த வைத்துவிட்டார்களே, படுபாவிகள்!

பயத்தையெல்லாம் மறந்து, கம்பிக்கதவைப் பிடித்துப் படாரென்று இழுத்து மூடினாள். லிஃப்டின் பெண்குரல் சட்டென்று நின்றது. திடுக்கிட்டு விலகிய அந்த மனிதர், அவளைப் பார்த்ததும் திறந்த வாயை மூடவில்லை.

அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, தையல்காரம்மா பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, மறியல் உண்டு. இடம்தான் மாறுது.”