தூக்கினால் நிற்க வேண்டும்

நாடகம் தொடங்க அரைமணி நேரம்கூட இல்லை. ஒப்பனை அறைக் குழல்விளக்கு விட்டுவிட்டு இமைக்க, அக்காவின் தலையில் மாட்டிய அட்டைக் கவசத்தோடு தம்பி மல்லுக்கட்டுகிறான். முகத்தை மூடும் தகட்டைத் தூக்கித்தான் அவள் முதல் வசனம் பேச வேண்டும். தூக்கினால் டப்பென்று விழுகிறது. திருகாணியை இறுக்கினால் அசையவே மறுக்கிறது. "ஆடாம நில்லுக்கா, உயிர வாங்காத." சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வட்டங்களை இரு காதோரத் திருகாணிகளுக்கும் அடியில் கொடுத்து முறுக்குகிறான். தூக்குகிறான். நிற்கிறது. தலையைக் குலுக்கச் சொல்கிறான், அப்போதும் நிற்கிறது. "பாத்தியா!" என்று நிமிர்ந்தவன் அக்காவின் முகத்தைப் பார்க்கிறான். வெளிறிப்போய், மேலுதட்டில் வியர்வை அரும்பியிருக்கிறது. திரைக்கு அப்பால் நாற்காலிகள் இழுபடுகின்றன. "எவ்வளவு பேருடா வந்திருக்காங்க?" என்றவள், அவன் வாயைத் திறப்பதற்குள் தகட்டைத் தானே இழுத்து மூடிக்கொள்கிறாள்.