நடுவில் இருந்த துகள்

சாயப்பட்டறைத் தொட்டியில் சிவப்புத் தண்ணீர் நிறைந்திருந்தது. அதன் சாயத்தைச் சிதைக்க, மிக நுண்ணிய இரும்புத்தூளைக் கொட்டினார்கள்.

"வந்துட்டீங்களா! சீக்கிரம் பிரிஞ்சு வாங்க. ஆளுக்கொரு பக்கமா என்னைத் தொட்டா சாயம் உடைஞ்சு தெளிஞ்சிடுவேன். மதகைத் திறந்ததும் நான் ஆத்துக்குப் போகணும். அங்க மீனுங்க இருக்கு" என்றது தண்ணீர்.

"உன்னைத் தொட்டா எனக்குத் துருப்பிடிக்குமே?" என்றது ஒரு துகள்.

"பிடிக்கும்."

துகள் பயந்துபோய்ப் பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து மற்றவையும் வந்து ஒட்டி, எல்லாம் ஓர் உருண்டையாயின. முதலில் பயந்த துகள் உருண்டையின் நடுவில் பத்திரமாக இருந்தது. வெளியே இருந்தவை மட்டும் துருவேறின. உருண்டை கனத்து அடியில் போய்த் தங்கியது.

மதகு திறந்தது.

"தண்ணி, தெளிஞ்சிட்டியா?" என்று உள்ளிருந்து கேட்டது துகள்.

"இல்ல. சிவப்பாத்தான் போறேன்."

"ஐயோ, கொஞ்சம் இரு! இதோ வந்துடறேன். என் மேல ஒரு பொட்டுத் துருகூட இல்ல!"

துகள் முட்டிமோதிப் பார்த்தது. சுற்றிலும் துரு இறுகிப்போயிருந்தது. தண்ணீரின் சத்தம் மதகைத் தாண்டித் தேய்ந்தது.

காலித் தொட்டியின் அடியில், யார் கண்ணிலும் படாமல், அந்தத் துகள் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது.