கடைவாய்

விரல் உள்ளே இருந்தபோது அவர் பற்கள் இறங்கின.

முதலில் வலிக்கவில்லை. துணி சுற்றிய விரல் வலப்பக்கக் கடைவாயில் அசையாமல் நின்றது, அவ்வளவுதான்.

பிறகு வலித்தது.

அவள் இழுக்கவில்லை. இழுத்தால் இன்னும் இறுகும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். விரலை விடுவதற்கு முன் கரண்டிக் காம்பில் துணி சுற்றிப் பல்லிடையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் நர்ஸ் சொன்னதுதான்.

இன்று வைக்கவில்லை. பேசியாக வேண்டும் என்கிற நினைப்பில் மறந்துவிட்டாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து கணவருக்குச் சரியாக விழுங்க வராது. கரைத்து ஊட்டிய சோறு ஈறோரம் ஒதுங்கிவிடும். அப்படியே விட்டால் நெஞ்சுக்குள் இறங்கிச் சீழ் வைத்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் அவள் விரல்.

எல்லாம் சொந்தப் பற்கள். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் பீடாவுக்குக் கை நீட்டும்போது, இவர் சட்டைப்பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குழாயைத் தேடிப் போவார். மாப்பிள்ளை சாணை பிடிக்கப் போயிட்டாரு என்று அவளுடைய அண்ணன்கள் சிரிப்பார்கள்.

வீட்டில் யாரும் அதைச் சொல்லிச் சிரித்ததில்லை.

இப்போது அவருக்குப் பேச்சு கிடையாது. பிடிக்காததைச் சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நாள்கணக்கில் திரும்பமாட்டார்.

வாய்க்குள் விரல் இருக்கும்போது மட்டும் திருப்ப முடியாது.

அதனால்தான் அப்போது சொன்னாள்.

"ஒத்தக்கடையில ஒரு இல்லம் பாத்திருக்கோம்ங்க. நல்லாப் பாத்துக்குவாங்களாம். நான் ஓசூருக்கு, நம்ம சுகிர்தாகிட்டப் போறேன். மூணு மாசந்தான்."

மூன்று மாதம் என்பது அந்த நொடியில் அவளாகச் சேர்த்துக்கொண்டது. மகளோடு பேசி முடித்ததில் அது இல்லை.

அதைச் சொல்லி முடித்தபோதுதான் பற்கள் இறங்கின. அவர் கண்கள் அவளை விட்டு நகரவில்லை.

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் மோதிக்கொண்டன. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பிடி மெல்லத் தளர்ந்தது.

துணியைப் பிரித்துப் பார்த்தாள். தோல் கிழியவில்லை. பல் பதிந்த இடம் வெளுத்து, பிறகு சிவந்தது.

இடப்பக்கம் இன்னும் துடைக்கவில்லை.

வேறொரு விரலில் புதுத் துணி சுற்றிக்கொண்டு திரும்பினாள். கன்னத்தைத் தட்டி, கெஞ்சி, அதட்டித்தான் எப்போதும் திறக்க வைப்பாள்.

கேட்பதற்கு முன்பே அவர் வாயைத் திறந்தார்.

அகலமாக. உள்நாக்குத் தெரிய.

உதடு நடுங்கியது. மூடவில்லை.

கூடத்தில் போன் அடித்தது. சுகிர்தாவாக இருக்கும். சொல்லியாயிற்றா என்று கேட்பாள்.

அவள் விரலை உள்ளே விட்டாள். மேல் ஈறு. கீழ் ஈறு. கன்னத்தின் உட்புறம்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

துணியில் எதுவும் ஒட்டி வராமலாகி வெகுநேரமாயிற்று.

அவள் விரலை எடுக்கவில்லை.