பன்னிரண்டு

'இடியோசை' என்ற ராக் குழுவில் பதினெட்டு வருடம் முடியைச் சுழற்றிச் சுழற்றிக் கத்திய கெவின் தாஸுக்கு இப்போது சோறு போடுவது பாப் பாடகன் ரியோவின் காதல் தோல்விப் பாட்டுகள். எழுதுவது கெவின், உருகுவது ரியோ. ஆனால் எழுதியவன் நிஜமாகவே துக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். மணிக்கட்டில் கட்டிய துக்கப் பட்டை எண்பதைத் தொட்டால்தான் பாட்டு வெளியே வரும்.

கெவின் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தியது பாட்டுக் கம்பெனிக்குப் பெரிய தலைவலி.

"ரெண்டு வாரம் எங்கம்மா வீட்டுல இருக்கேன். நல்லா ஏங்கி எழுதுங்க" என்று மனைவி எஸ்தர் பெருந்தன்மையாகப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பினாள். ரயில் நகர்ந்தது. பட்டை பன்னிரண்டு காட்டியது.

நொந்துபோய் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தான். கடையில் ரியோவின் போன வருட ஹிட் ஓடியது. சாட்சாத் கெவின் எழுதியதுதான். 'பிரிஞ்சிட்டியே என் பிஸ்கட்டு' என்று கடைக்காரர் டம்ளரைத் தட்டிக் கூடவே பாடினார். பதினெட்டு வருட ராக் கடைசியில் இந்த பிஸ்கட்டில் வந்து நின்றதை நினைத்ததும் பட்டை ஒரேயடியாகத் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. அங்கேயே நின்று புதுப் பாட்டை எழுதி முடித்தான்.

"பாட்டு ஓகே ஆயிடுச்சு எஸ்தர்!" என்று போனில் கூவினான்.

"நான் போனதுக்கு அவ்ளோ அழுதீங்களா?" அவள் குரல் தழுதழுத்தது. "எவ்ளோ காட்டுச்சு?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் எந்த நிமிடத்தில் எதற்காக எவ்வளவு துக்கம் என்பது பாட்டோடு சேர்ந்தே ஊருக்கெல்லாம் வெளியாகும். உள்ளதைச் சொன்னான்.



"அப்ப நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

கெவின் பதறிப்போய்ப் பட்டையைப் பார்த்தான்.

பதினொன்று.