கழுவாத மோதிரம்

“கல் ஆடுதுன்னு சொல்லி மாப்பிள்ளை கையிலிருந்து கழட்டி வாங்கிட்டு வந்தேன்,” என்று அந்த அம்மாள் வைர மோதிரத்தை நீட்டினாள்.

கல் பதிப்பவர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“எங்கம்மா ஆடுது? சுத்தி நிக்கிற ஆறு தங்க நகமும் கல்லைக் கவ்விப் பிடிச்சிருக்கு. இந்த மாதிரி தூக்கி வச்சா ஜொலிக்கும், ஆனா படுற இடத்தையெல்லாம் கீறும். சுத்தித் தங்க விளிம்பு கட்டிடலாம். இல்லேன்னா கல்லை வளையத்துக்குள்ளயே புதைச்சிடலாம். வழவழன்னு இருக்கும்.”

“அந்த ரெண்டு மாதிரி மோதிரம் போட்டுக் குத்தினா, இந்த மோதிரம் விடுற தடம் விழுமா?”

“விழாது. இது நகத்தோட தடமாச்சே! மாப்பிள்ளை கையில கீறல் படக் கூடாதுன்னு பாக்குறீங்க. குடுத்து வச்சவர்மா அவர்!”

சிரித்தபடியே, வழக்கம்போல் மோதிரத்தைக் கழுவும் திரவத்தில் போடப் போனார். அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். கிண்ணம் உருண்டு, திரவம் தரையில் சிதறியது.

“கழுவாதீங்க! நகத்துக்கு நடுவுல பாருங்க!”

வலியோடு லென்ஸை எடுத்துப் பார்த்தார். காய்ந்த ரத்தம். அதில் ஒட்டிய நீளமான ஒற்றை முடி.

அவள் செல்போனை நீட்டினாள். அதில், கறுத்து வீங்கிய ஓர் இளம்பெண்ணின் முகம். கிழிந்த கன்னத்தில் வட்டமாக ஆறு புள்ளிகள்.

“என் மக. மாடிப்படியில உருண்டு விழுந்து செத்தாளாம். மாப்பிள்ளை சொன்னான், போலீசும் அப்படியே எழுதிக்கிச்சு.”

அவர் படத்தையும் மோதிரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த மோதிர நகத்தோட இடைவெளியை அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கய்யா. மாடிப்படிக்கு ஏது ஆறு நகம்?”