ஒன்பதாவது கூட்டம்

ஒன்பதாவது ஞாயிறாக வரைபடத்தை விரித்தபோதே இன்ஜினியரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. தெருவின் காலி மனையைப் பொது முற்றமாக்க வேண்டும். எந்தத் திட்டத்துக்கும் தெருக்காரர்கள் மசியவில்லை.

"மேடை வேணாம்னீங்க, எடுத்துட்டேன். பெஞ்ச் வேணாம்னீங்க, அதையும் எடுத்துட்டேன். இப்ப என்னதான் குறை?"

"நடைபாதை வளைஞ்சு போகுதே" என்றார் தையல்காரர்.

"போன வாரம் நேரா இருந்தா நல்லால்லைன்னு சொன்னதே நீங்கதான?"

"யோசிக்கணும் மேடம். அடுத்த ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்."

இன்ஜினியரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வேலையை ஆரம்பிக்கவே விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

தையல்காரர் தரையைப் பார்த்தார். அவர் மனைவிதான் போட்டு உடைத்தாள்.

"ஆரம்பிச்சா ஆறு மாசத்துக்கு வேலி போட்டு அடைச்சிருவீங்களாமே. அதுவரைக்கும் நாங்க எங்க போய் உக்கார்றது?"

இன்ஜினியரம்மா அப்போதுதான் சுற்றிலும் திரும்பிப் பார்த்தார். வீடுகளிலிருந்து தூக்கி வந்த நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. அவருக்குப் பின்னால் யாரோ பூப்பந்து வலை கட்டியிருந்தார்கள். மரத்தடியில் இரண்டு பேர் சதுரங்கத்தில் மூழ்கியிருந்தார்கள்.

'காலி மனை' என்று அவர் கோப்பில் எழுதியிருந்த அந்த மண்ணில், அவர் உட்கார ஒரு நாற்காலி மிச்சமில்லை.