ஒற்றைக் கையில் வாணலி

நூடுல்ஸ் அடிபிடிப்பதற்குள் வாணலியை ஒற்றைக் கையால் தூக்கி உதறுகிறான் கணவன். கோழித்துண்டுகள் எகிறிப் புரண்டு, ஒன்றுகூடச் சிந்தாமல் திரும்பி விழுகின்றன. வெந்நீர் வைக்கவே தடுமாறுகிறவனுக்கு இந்த லாகவம் எங்கிருந்து வந்தது? கதவில் சாய்ந்து, கண் கொட்டாமல் பார்க்கிறாள் மனைவி. சாயங்காலமாகியும் இஸ்திரி கலையாத ஆபீஸ் சட்டை. மணிக்கட்டில் புதிதாக ஒரு தீப்புண். "எவ சொல்லிக்கொடுத்தா?" "யூடியூப்தான்மா." "ஓஹோ, யூடியூப் கையைக்கூட சுடுமா?" சோயா சாஸ் சீறுகிறது, புகை அவன் முகத்தை மறைக்கிறது. வெங்காயத்தாளைத் தூவி, கரண்டியால் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, திரும்பாமலே கேட்கிறான்: "சாப்பிடவா சார், பார்சலா?"

கரண்டி அப்படியே நிற்கிறது.

"வேலை போயிடுச்சும்மா," என்கிறான் மெதுவாக. "தள்ளுவண்டிக் கடையில நிக்கிறேன்."